காற்றில்லா இடத்து உயிர்கள்: மார்ஜரி ஸ்டீவன்சனின் ஆய்வு வாழ்க்கை

(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில், விஞ்ஞானப் பிரிவுப் பழைய மாணவிகள் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)



இந்த உரையை நாங்கள் நான்கு பேர் சேர்ந்து எழுதினோம். வெவ்வேறு ஆண்டுகளில் இக்கல்லூரியின் உயிரியல் பிரிவில் படித்தவர்கள் நாங்கள். ஒருவர் பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிரியல் கற்பிக்கிறார். ஒருவர் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை செய்து இளைப்பாறியவர். ஒருவர் ஆசிரியை. மற்றவர் புலம்பெயர்ந்த நாட்டில் கழிவுநீர் சுத்திகரிக்கும் நிலையமொன்றில் பணிபுரிகிறார். எங்கள் நால்வருக்கும் பொதுவானவை இரண்டு. நால்வரும் மருத்துவபீடத்துக்கு ஆசைப்பட்டோம், ஒருவருக்கும் கிடைக்கவில்லை. பிறகு நால்வரும் ஏதோவொரு வகையில் ஒட்சிசன் இல்லாமல் வாழும் பற்றீரியாக்களோடு வேலை செய்யப் போய்ச் சேர்ந்தோம்.

ஒரு பெண் விஞ்ஞானியைப் பற்றிப் பேசும்படி விழாக் குழுவினர் கேட்டார்கள். மேரி கியூரி அம்மையாரைப் பற்றி இந்த மண்டபத்தில் பலமுறை பேசியாயிற்று. ஆகையால் மார்ஜரி ஸ்டீவன்சன் அம்மையாரைத் தெரிந்தெடுத்தோம். பெயர் உங்களில் பலருக்குப் புதிதாக இருக்கலாம். அவர் ஆராய்ந்த உயிர்கள் மட்டும் எல்லாருக்கும் பழக்கமானவை.

அந்த உயிர்களை எங்கே கண்டிருக்கிறோம்? கடல்நீரேரிக் கரையில் கால் புதைந்தால் மேல்மண்ணுக்குக் கீழே கறுத்த சேறு தெரியும். கூடவே அழுகிய முட்டை மணம் எழும். பொச்சுமட்டை ஊறப்போட்ட குழியைக் கிளறினாலும் அதே மணந்தான். தண்ணீர் கட்டிய வயலில் சேற்றை மிதித்தால் குமிழிகள் வரும். அதில் பெரும்பங்கு மெதேன். துருப்பிடித்த ஆணி காலில் ஏறினால் அம்மா அடுத்த நிமிடமே ஏற்பு ஊசிக்குக் கூட்டிக்கொண்டு ஓடுவா. ஏற்புவலியை உண்டாக்கும் பற்றீரியாவின் வித்திகள் மண்ணில் உறங்கிக் கிடக்கின்றன. காற்றுப் புகாத ஆழமான காயம் கிடைத்தால் அவை விழித்து வளரும். எமது குடலுக்குள்ளும் இத்தகைய பற்றீரியாக்கள் கோடிக்கணக்கில் குடியிருக்கின்றன.

காற்றில்லாமலும் உயிர் வாழலாம் என்பதை 1861இல் லூயி பாஸ்ரர் சொன்னார். வண்ணத்திப்பூச்சியின் பெயரோ பறவையின் பெயரோ அல்ல, உயிர் என்பதற்கே புது விளக்கம் அது. அதுவரை மூச்சும் உயிரும் ஒன்றென்றே எண்ணியிருந்தார்கள். எமது மொழியிலும் "மூச்சு நின்றுவிட்டது" என்றால் உயிர் போய்விட்டது என்றுதானே பொருள்! ஆனால் பூமியின் கதையைப் பார்த்தால் ஒட்சிசன்தான் பிந்தி வந்த விருந்தாளி. ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான் அது வளிமண்டலத்தில் சேரத் தொடங்கியது. அதற்கு முன் இங்கே வாழ்ந்த உயிர்கள் எல்லாம் அது இல்லாமலே வாழ்ந்தவை.

அவை எப்படி வாழ்கின்றன என்பதை உயர்தரத் தங்கைகளுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறோம். உணவிலிருந்து சக்தியைப் பிரித்தெடுக்கும்போது இலத்திரன்கள் வெளிவரும். அவற்றை யாராவது ஏற்றுக்கொள்ள வேண்டும். எங்கள் உடலில் ஒட்சிசன் ஏற்றுக்கொள்கிறது. காற்றில்லாத இடத்தில் வாழும் பற்றீரியாக்கள் வேறு ஏற்பிகளை வைத்திருக்கின்றன. சில, கடல்நீரில் உள்ள சல்பேற்றிடம் இலத்திரன்களைக் கொடுத்து ஐதரசன் சல்பைட்டை உண்டாக்கும். அழுகிய முட்டை மணம் அதுதான். சில, காபனீரொட்சைட்டை மெதேனாக்கும். இவற்றுள் பலவற்றுக்கு ஒட்சிசன் நஞ்சு. காரணம், ஒட்சிசனிலிருந்து பிறக்கும் தீங்கான விளைபொருட்களைச் சமாளிக்கும் நொதியங்கள் அவற்றிடம் போதிய அளவு இல்லை. இப்படி நாங்கள் இன்று கரும்பலகையில் எழுதிக் காட்டும் விடயங்களில் முக்கியமான சிலவற்றைப் பரிசோதனையால் நிறுவியவர் ஸ்டீவன்சன் அம்மையார்.

அவர் 1885ஆம் ஆண்டு, இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜுக்கு அருகிலுள்ள பேர்வெல் என்ற கிராமத்தில் பிறந்தார். தகப்பனார் கமக்காரர், பழத்தோட்டமும் வைத்திருந்தவர். வீட்டுக்கு வந்து படிப்பித்த ஆசிரியை ஒருவரே சிறுமிக்கு விஞ்ஞானத்தில் முதல் ஆசையை ஊட்டினார். தாயார் தூண்ட, 1903இல் கேம்பிரிட்ஜின் நியூன்ஹாம் பெண்கள் கல்லூரிக்குப் போனார்.

அந்தக் காலக் கேம்பிரிட்ஜை நினைத்துப் பாருங்கள். பல்கலைக்கழகத்தின் இரசாயன ஆய்வுகூடத்திலும் விலங்கியல் ஆய்வுகூடத்திலும் பெண்களுக்கு இடமில்லை. நியூன்ஹாம் கல்லூரி தன் மாணவிகளுக்கெனச் சொந்தமாக ஓர் இரசாயன ஆய்வுகூடம் வைத்திருந்தது. உயிரியல் செய்முறைகளுக்குப் பெண்களுக்கென்றே நடத்தப்பட்ட பல்ஃபர் ஆய்வுகூடம் இருந்தது. பரீட்சை எழுதலாம், சித்தியடையலாம், பட்டம் கிடையாது. 1921இல் பட்டத்தின் பெயரை மட்டும் கொடுக்க இசைந்தார்கள். ஆண்களுக்குச் சமமான முழுப் பட்டம் 1948இல்தான் வந்தது. எங்கள் சங்கம் தொடங்கிய காலத்தில்கூடக் கேம்பிரிட்ஜில் ஒரு பெண் முழுமையான பட்டதாரி அல்ல என்பதை நினைக்க வியப்பாக இருக்கிறது.

ஸ்டீவன்சன் மருத்துவம் படிக்க விரும்பினார். கையில் காசில்லை. ஆகவே மனையியல் ஆசிரியையானார். முதலில் குளொஸ்ரஷயரிலும் பின்னர் லண்டனிலும் கற்பித்தார். அந்த வேலை அவருக்குப் பிடிக்கவில்லை. 1911இல் றொபேட் பிளிமர் என்ற உயிரிரசாயனவியலாளர் அவரை லண்டன் யுனிவேர்சிற்றிக் கல்லூரியிலிருந்த தமது ஆய்வுகூடத்துக்கு அழைத்தார். 1913இல் பெய்ற் நினைவுப் புலமைப்பரிசில் கிடைத்தது. அடுத்த ஆண்டு உலகப் போர் வந்தது. பரிசிலை விட்டுவிட்டுச் செஞ்சிலுவைச் சங்கத்தில் சேர்ந்து, பிரான்சில் ஆஸ்பத்திரிச் சமையற்கூடங்களை நடத்தினார். பின்னர் சலோனிக்காவிலும் பணிபுரிந்தார். பிடிக்காமல் கற்பித்த மனையியல், நூற்றுக்கணக்கான காயக்காரருக்குச் சாப்பாடு போட உதவியது. இந்த மண்டபத்துக்குப் பின்னாலுள்ள மனையியல் கூடத்தில் படித்தவர்கள் இதைக் கேட்டுச் சந்தோஷப்படலாம்.

போர் முடிந்து 1919இல் கேம்பிரிட்ஜுக்குத் திரும்பினார். அங்கே உயிரிரசாயனவியல் துறைக்குத் தலைவராக இருந்தவர் பிரெடெரிக் கௌலன்ட் ஹொப்கின்ஸ். உணவில் உயிர்ச்சத்துகள் வேண்டும் என்பதைக் காட்டியதற்காக 1929இல் நோபல் பரிசு பெற்றவர். பெண்களை ஆய்வுகூடத்துக்குள் எடுக்க மற்றத் துறைகள் தயங்கிய நாட்களில் அவர் கதவு திறந்திருந்தது. ஸ்டீவன்சன் தம் மிகுதி வாழ்நாளெல்லாம் செய்த பற்றீரியா ஆய்வு அங்கேதான் தொடங்கியது.

பற்றீரியா என்றால் நோய், நோயென்றால் கொல்லவேண்டியது என்பதே அக்காலத்துப் பொதுவான நோக்கு. ஸ்டீவன்சன் வேறு கேள்வி கேட்டார்: இந்தச் சின்ன உயிர் தன் பிழைப்பை எப்படி நடத்துகிறது? வளர்ந்த பற்றீரியாக்களைச் சுழற்றி அடையச்செய்து, உப்பு நீரில் கழுவி, மேலும் பெருகாத நிலையில் வைத்து, அவற்றின் நொதியங்கள் என்ன செய்கின்றன என்று அளந்தார். 1928இல் பற்றீரியாக் கலத்திலிருந்து ஒரு நொதியத்தை வெளியே பிரித்தெடுத்தார். இது இத்துறையில் முதன்முயற்சி.

பீற்றூட் இனத்துக் கிழங்கிலிருந்து சீனி எடுக்கும் தொழிற்சாலையின் கழிவு கலந்து, அருகிலிருந்த ஊஸ் ஆறு நாற்றமெடுத்தது. மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போன இடத்தில் அவரும் லெனாட் ஸ்ரிக்லன்ட் என்பவரும் சேற்றை அள்ளிக்கொண்டு வந்தார்கள். 1931இல், ஐதரசன் வாயுவைப் பிடித்து வேலைக்கு விடும் நொதியமொன்று பற்றீரியாக்களில் உண்டு என்று காட்டி, அதற்கு ஐதரசனேஸ் என்று பெயர் வைத்தார்கள். பரிசோதனை எளிமையானது. கழுவிய பற்றீரியாவோடு மெதிலீன் நீலச் சாயத்தைக் கலந்து, காற்றை அகற்றி, ஐதரசனைச் செலுத்துவது. நீலம் மறைந்தால், பற்றீரியா ஐதரசனின் இலத்திரன்களை எடுத்துச் சாயத்திடம் கொடுத்துவிட்டது என்று பொருள். அதே ஆண்டு, ஐதரசனைக்கொண்டு சல்பேற்று சல்பைட்டாக்கப்படுவதைக் காட்டினார்கள். 1933இல், ஆற்றுச் சேற்றிலிருந்து பெற்ற வளர்ப்பு ஐதரசனையும் காபனீரொட்சைட்டையும்கொண்டு மெதேன் ஆக்குவதைக் காட்டினார்கள். மெதேன் ஆக்கும் அந்த உயிர்கள் பற்றீரியா அல்ல, ஆர்க்கியா என்ற தனிக் கிளை என்பது 1977இல் தொடங்கிய ஆய்வுகளால் தெளிவாயிற்று.

எங்கள் கடல்நீரேரிச் சேற்றின் மணத்துக்கும் வயற் சேற்றின் குமிழிக்கும் விளக்கம், இப்படி ஓர் ஆங்கிலேயக் கிராமத்து ஆற்றிலிருந்து வந்தது. சாணவாயு அடுப்பு எரிவதும் இந்த வழியில்தான். எங்கள் நால்வரில் கழிவுநீர் நிலையத்தில் பணிபுரிபவர் நாளாந்தம் பார்ப்பதும் இதுவே: காற்றுப் புகாத பெருந்தொட்டியில் கழிவு மெதேனாகி, அந்த மெதேனைக்கொண்டு மின்சாரம் எடுக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். சில நொதியங்கள் எப்போதும் கலத்தில் இருப்பதில்லை, தேவையான பொருள் சூழலில் இருந்தால்தான் உண்டாகின்றன என்பதையும் அவர்கள் போமிக்கமிலத்தை வைத்துக் காட்டினார்கள். மரபணுக்கள் எப்போது வேலை செய்யும், எப்போது ஓய்ந்திருக்கும் என்ற பிற்காலப் பெரும் ஆராய்ச்சிகளுக்கு இது முன்னோடியானது. 1930இல் அவர் எழுதிய பற்றீரியா அனுசேபம் பற்றிய நூல் பல ஆண்டுகளாக இத்துறையின் பாடநூலாக இருந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், அசற்றோனும் பியூற்றைல் மதுசாரமும் ஆக்கும் குளொஸ்ரிடியம் பற்றீரியாவையும் ஆராய்ந்தார். அதுவும் காற்றில்லாமல் வாழ்வதுதான்.

இங்கே அவருடைய சிநேகிதி ஒருவரைப் பற்றியும் சொல்லவேண்டும். மியூரியல் றொபேட்சன் அம்மையார், ஸ்கொட்லாந்துக்காரர். 1907ஆம் ஆண்டளவில், இளம் ஆராய்ச்சியாளராக, எங்கள் இலங்கைக்கு வந்து ஆமை முதலிய ஊர்வனவற்றின் குருதியிலுள்ள ஒட்டுண்ணிகளை ஆராய்ந்தவர். முதலாம் உலகப் போர் அவரைக் காற்றின்றி வாழும் பற்றீரியாக்களின் பக்கம் திருப்பியது. எரு இட்ட வயல்களில் வெட்டிய பதுங்குகுழிகளில் காயப்பட்ட சிப்பாய்கள், தசை அழுகி வாயு கட்டி இறந்துகொண்டிருந்தார்கள். அதற்குக் காரணமான குளொஸ்ரிடியம் இனங்களைத் தனித்தனியே வளர்த்துப் பிரித்தறியவேண்டியிருந்தது. அவிந்த இறைச்சித் துண்டுகளைக் குழாயின் அடியில் இட்டுச் செய்யும் அவருடைய வளர்ப்பூடகம் இன்றைக்கும் அவர் பெயராலேயே வழங்குகிறது. இறைச்சியிலுள்ள பொருட்கள் ஒட்சிசனைத் தாமே இழுத்துக்கொள்வதால், சாதாரணக் குழாயின் அடியிலும் இந்தப் பற்றீரியாக்கள் வளரும். விலையுயர்ந்த கருவி வேண்டாம்.

எங்கள் நால்வரில் ஆஸ்பத்திரியில் இருந்தவர் இந்த ஊடகத்தைத் தம் கையாலேயே காய்ச்சியவர். மின்சாரம் இல்லாத ஆண்டுகளில், ஷெல் காயங்களிலிருந்து எடுத்த மாதிரிகளை அதிலேதான் இட்டுப் பார்த்தார். ஆழமான காயத்தைத் திறந்து சுத்தமாக்கு, இறந்த தசையை வெட்டி அகற்று, அவசரப்பட்டுத் தைத்து மூடாதே என்பது முதலாம் உலகப் போர் மருத்துவர்களுக்குக் கற்பித்த பாடம். அந்தப் பாடத்தால் பிழைத்த கால்கள் எங்கள் ஊர்களில் இன்றும் நடமாடுகின்றன. அந்தச் சத்திரசிகிச்சையைச் செய்தவர்கள் வைத்தியர்கள். காயத்துக்குள் என்ன இருக்கிறது என்று அவர்களுக்குச் சொன்னவர்கள் ஆய்வுகூடத்தில் இருந்தவர்கள்.

ஸ்டீவன்சனின் உத்தியோகக் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். 1922 முதல் மருத்துவ ஆராய்ச்சிப் பேரவை கொடுத்த, ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கவேண்டிய உதவிப்பணத்தில் வேலை செய்தார். நிரந்தர நியமனம் 1929இல் வந்தது. அப்போது வயது 44. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவரை விரிவுரையாளராக்கியது 1943இல், 58 வயதில். 1945 மார்ச்சில், றோயல் சொசைற்றி தன் 285 ஆண்டு வரலாற்றில் முதன்முறையாகப் பெண்களை அங்கத்தவராக்கியது. இருவர் தெரிவானார்கள்: பளிங்குருவியல் ஆய்வாளர் கத்லீன் லொன்ஸ்டேல், மற்றவர் மார்ஜரி ஸ்டீவன்சன். இரண்டு ஆண்டுகளின் பின் மியூரியல் றொபேட்சனும் தெரிவானார். 1947இல், பொது நுண்ணுயிரியற் கழகத்தின் இரண்டாவது தலைவரானார் ஸ்டீவன்சன். முதல் தலைவர் பெனிசிலின் கண்ட அலெக்சாண்டர் பிளெமிங். 1948 டிசெம்பரில் புற்றுநோயால் காலமானார். அதே ஆண்டில்தான் கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுப் பட்டம் கொடுத்தது. அவருடைய வாழ்க்கைக் குறிப்பை றோயல் சொசைற்றிக்கு எழுதியவர் சிநேகிதி றொபேட்சன்.

இந்த இடத்தில் நாங்கள் ஓர் உவமை சொல்வோம் என்று சிலர் எதிர்பார்ப்பீர்கள். காற்றில்லாமல் வாழும் பற்றீரியாவைப் போல, வசதியில்லாமல் ஒரு பெண் சாதித்தார் என்று. அதை நாங்கள் சொல்லமாட்டோம். அது உண்மையல்ல. சேற்றிலிருக்கும் பற்றீரியா எதையும் இழந்து வாழவில்லை. அதற்கு வேண்டிய சல்பேற்று அங்கே இருக்கிறது. அதையும் எடுத்துவிட்டால் அதுவும் அடங்கிவிடும். ஸ்டீவன்சன் அம்மையாருக்கும் ஒவ்வொரு கட்டத்திலும் யாரோ ஒருவர் எதையோ கொடுத்தார்கள். ஒரு ஆசிரியை ஆசையைக் கொடுத்தார். தாய் ஊக்கம் கொடுத்தார். பெண்கள் கல்லூரி ஆய்வுகூடம் கொடுத்தது. பிளிமர் ஒரு அழைப்பைக் கொடுத்தார். ஒரு நிதியம் புலமைப்பரிசில் கொடுத்தது. ஹொப்கின்ஸ் ஒரு மேசையைக் கொடுத்தார். இவற்றில் ஒன்று தவறியிருந்தால், லண்டனில் மனம் ஒட்டாமல் சமையல் கற்பித்த ஒரு நல்ல ஆசிரியையாக அவர் இளைப்பாறியிருப்பார். ஐதரசனேசுக்கு வேறு யாராவது பெயர் வைத்திருப்பார்கள்.

தங்கைகளே, பெறுபேறு வரும் நாள் எங்களுக்கு நன்றாக நினைவிருக்கிறது. இசட் புள்ளி சற்றுக் குறைந்துவிட்டால் வீடு சாவீடு போலாகிவிடும். "என்ன கிடைத்தது?" என்று கேட்பவர்கள், "உயிரியல் விஞ்ஞானம்" என்றதும் "பரவாயில்லைப் பிள்ளை" என்று ஆறுதல் சொல்லுவார்கள். ஆறுதல் சொல்லவேண்டிய படிப்பல்ல அது. மருத்துவம் கிடைத்தவர்கள் நல்லாக இருக்கட்டும், அவர்கள் எங்களுக்கு வேண்டியவர்கள். கிடைக்காதவர்களும் வேண்டியவர்கள்தான். உவராகும் கிணறுகள், நைதரேற்று ஏறிய நிலத்தடி நீர், மருந்துக்கு அடங்காத பற்றீரியா, குப்பைமேடு, இவற்றையெல்லாம் யார் ஆராய்வது?

பழைய மாணவிகளே, உங்களிடம் மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, இனிமேல் கல்லூரிப் பிள்ளையைக் கண்டால் "டொக்டராகப் போறீரா?" என்று கேட்கவேண்டாம். "என்ன படிக்க விருப்பம்?" என்று கேளுங்கள், பதிலையும் பொறுத்திருந்து கேளுங்கள். இரண்டாவது, ஆய்வுகூடத்துக்கு உதவ நினைப்பவர்கள், பெயர்க்கல் பதிக்கும் ஒருதடவைக் கொடையோடு நிறுத்தாதீர்கள். சாயம், கண்ணாடிக் குழாய், அமிலம் எல்லாம் வருடாவருடம் முடிகிற சாமான்கள். சிறிய தொகையானாலும் வருடாவருடம் வரட்டும். மூன்றாவது, உங்கள் தொழிலிடத்தை ஒரு பிள்ளைக்காவது திறந்து காட்டுங்கள். பிளிமர் விடுத்தது போன்ற ஓர் அழைப்பு விடுக்கப் பெரிய பதவி வேண்டியதில்லை.

நாங்கள் நால்வரும் எங்களால் இயன்றதைத் தொடங்கியிருக்கிறோம். மருத்துவம் தவிர்ந்த விஞ்ஞானத் துறையொன்றுக்குத் தெரிவாகும் எங்கள் கல்லூரி மாணவி ஒருவருக்கு, இறுதியாண்டு ஆய்வுச் செலவை ஆண்டுதோறும் ஏற்பதாகச் சங்கத்திடம் எழுதிக் கொடுத்துள்ளோம். எங்களோடு சேர விரும்புகிறவர்கள் இன்று மாலை செயலாளரிடம் பெயரைப் பதியலாம். பட்டியலில் இப்போது நான்கு பெயர்கள் இருக்கின்றன. தாளில் நிறைய இடம் இருக்கிறது.